பாகு காய்ச்சிய கடற்கரை

தட்டில் கத்தரிக்காய் வந்தது. விரல் நீளத்துக்கு நறுக்கி, மாவில் புரட்டி, மொறுமொறுவென்று பொரித்து, மேலே கருப்பாக எதையோ கோடு கோடாக ஊற்றியிருந்தார்கள். "சோயா சாஸா இருக்கும்மா" என்றேன். அம்மா ஆட்காட்டி விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"பாகுடீ. கரும்புப் பாகு. கம்பிப் பதம் வர்றதுக்கு முன்னாடியே இறக்கியிருக்கான்."

அம்மா அலங்காநல்லூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். வெல்லம் காய்ச்சும் கொட்டகை வாசலில் சின்ன வயதில் கிண்ணத்தோடு காத்து நின்றவள். இந்த விஷயத்தில் அவளோடு வாதம் செய்ய முடியாது. பரிமாறிய பையனைக் கேட்டேன். "மியெல் தெ கான்யா" என்றான். கரும்புத் தேன் என்று அர்த்தம். தேனீக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சாற்றைக் காய்ச்சி வற்றவைத்தது. அம்மா சொன்னதேதான்.

நாங்கள் உட்கார்ந்திருந்த ஊர் நெர்ஹா. ஸ்பெயினின் தென்கடற்கரையில், மாலகா நகரத்திலிருந்து கிழக்கே ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். நான் மியூனிக்கில் வேலை பார்க்கிறேன். அம்மா வந்திருந்தாள். செப்டம்பர் கடைசியில் பத்து நாள் லீவு கிடைத்தது. கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதுதான் திட்டம். இரண்டாம் நாள் மத்தியானமே அந்தக் கத்தரிக்காய் திட்டத்தைக் கெடுத்துவிட்டது. "இங்க கரும்பு எங்கடீ விளையுது?" என்று அம்மா கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. மீதி நாள் எல்லாம் அந்தக் கேள்விக்குப் பின்னால்தான் போனோம்.

நெர்ஹாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே போகிற எல்லாரும் அதைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை மேல் ஒரு முற்றம், பெயர் 'ஐரோப்பாவின் பால்கனி'. 1884 கிறிஸ்துமஸ் அன்று இந்தப் பகுதியைப் பெரிய நிலநடுக்கம் உலுக்கியது. சேதம் பார்க்க அடுத்த மாதம் வந்த மன்னர் பன்னிரண்டாம் அல்ஃபோன்ஸோ இங்கே நின்று அந்தப் பெயரை வைத்தாராம். கம்பியில் சாய்ந்தபடி அவருக்கு வெண்கலச் சிலை இருக்கிறது. தோளில் கைபோட்டுப் படம் எடுக்க வரிசை நிற்கிறது. ஊருக்கு வெளியே மாரோ பக்கத்தில் குகை. 1959 ஜனவரியில் வௌவால் பிடிக்கப் போன ஐந்து பையன்கள் கண்டுபிடித்தது. உள்ளே 32 மீட்டர் உயரத்தில் கல்தூண் ஒன்று நிற்கிறது. அம்மா அண்ணாந்து பார்த்து, "சரி" என்றாள். அவ்வளவுதான்.

குகைக்குப் போகிற வழியில் இருந்த பாலம்தான் அவளை நிறுத்தியது. பள்ளத்தாக்குக்குக் குறுக்கே நான்கு அடுக்கு, 37 வளைவுகள், உச்சியில் கழுகு வடிவில் ஒரு காற்றுக்காட்டி. ரோமானியர் கட்டியது என்றுதான் நினைத்தேன். இல்லை, பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம். எதற்காகக் கட்டினார்கள் தெரியுமா? மாரோவில் இருந்த சர்க்கரை ஆலைக்குத் தண்ணீர் கொண்டுபோக. ஆலை போய்விட்டது, வாய்க்கால் இன்னும் வயலுக்குத் தண்ணீர் விடுகிறது. "அப்ப ஆலை இருந்திருக்கு" என்றாள் அம்மா, துப்பு கிடைத்த போலீஸ்காரர் மாதிரி.

அடுத்த நாள் காலை ஃப்ரிஹிலியானாவுக்கு பஸ் ஏறினோம். நெர்ஹாவிலிருந்து மலைப் பக்கம் ஆறேழு கிலோமீட்டர்தான். சுண்ணாம்பு அடித்த வெள்ளை வீடுகள், வாசலுக்கு வாசல் பூத்தொட்டி, கூழாங்கல் பதித்துக் கோலம் போட்ட படிக்கட்டுச் சந்துகள். ஸ்பெயினின் அழகான கிராமங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் இது வந்துவிடும், அதனால் பத்து மணிக்கு மேல் நடக்க இடம் இருக்காது. நாங்கள் எட்டரைக்கே போய்விட்டோம். ஒரு பாட்டி வாசல் கழுவிக்கொண்டிருந்தார். வாளித் தண்ணீரைத் தெருவில் வீசி, துடைப்பத்தால் தள்ளி, அதே கையால் பக்கத்து வீட்டு வாசலையும் கொஞ்சம். அம்மா நின்று பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். கோலம் ஒன்றுதான் பாக்கி என்று அர்த்தம்.

ஊர் முகப்பிலேயே பெரிய பழைய கட்டடம் ஒன்று. பதினாறாம் நூற்றாண்டில் பிரபுக் குடும்பத்துக்காகக் கட்டிய மாளிகை, பின்னால் கரும்பு ஆலையாக மாறியது. கத்தரிக்காய் மேல் ஊற்றியிருந்த பாகு இங்கே காய்ச்சியதுதான். ஐரோப்பாவிலேயே கரும்புப் பாகு காய்ச்சுகிற ஆலை இது ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது என்று ஊரார் பெருமையாகச் சொல்கிறார்கள். உள்ளே விடவில்லை. வாசனை மட்டும் மதிலுக்கு வெளியே வந்தது, அல்லது வந்ததாக அம்மா சொன்னாள். எதிர்க்கடையில் மூன்று பாட்டில் வாங்கினோம்.

மேலே ஏற ஏறச் சுவரில் ஓடு பதித்த பலகைகள் வருகின்றன. பழைய கதை சொல்லும் நடையில் ஸ்பானிய மொழியில் எழுதியிருக்கிறது. தட்டுத்தடுமாறி வாசித்தேன். கதை இதுதான். 1492இல் ஸ்பெயினின் கடைசி முஸ்லிம் அரசான கிரனாதா வீழ்ந்தபின் அங்கிருந்த முஸ்லிம்கள் சில ஆண்டுகளில் கிறிஸ்தவத்துக்கு மாற்றப்பட்டார்கள். அவர்களை மொரிஸ்கோ என்றார்கள். வீட்டுக்குள் பழைய மொழி, பழைய பாட்டு, பழைய சமையல். 1567இல் இரண்டாம் ஃபெலிப்பெ மன்னர் அதற்கும் தடை போட்டார். அரபு பேசக் கூடாது, எழுதக் கூடாது, அவர்கள் வழக்கப்படி உடுத்தக் கூடாது, பொதுக்குளியல் மண்டபத்துக்குப் போகக் கூடாது. 1568 கிறிஸ்துமஸ் சமயத்தில் மலைநாடு முழுக்கக் கலகம் வெடித்தது. இந்தப் பக்கத்து மக்கள் ஃப்ரிஹிலியானாவுக்கு மேலே இருக்கும் குன்றில் பெண்டுபிள்ளைகளோடு ஏறி நின்றார்கள். 1569 ஜூனில் படை வந்து குன்றைப் பிடித்தது. பிடிபடுவதைவிடச் சாவதே மேல் என்று பாறையிலிருந்து குதித்தவர்கள் உண்டு என்கிறது கதை. மிஞ்சியவர்களை நாட்டின் வேறு பகுதிகளுக்கு விரட்டினார்கள். 1609இல் தொடங்கி மொத்தமாக ஸ்பெயினை விட்டே வெளியேற்றினார்கள்.

மொழியைத் தடை செய்த ஆணை என்று அம்மாவுக்குச் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "கரும்பு வெட்ட ஆளு வேணுமே, யாரை வச்சு வெட்டினான்?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. கரும்பை இந்தக் கரைக்குக் கொண்டுவந்தவர்களே அரபு பேசியவர்கள்தான். பத்தாம் நூற்றாண்டு வாக்கிலேயே இங்கே கரும்பு இருந்தது. வாய்க்கால் வெட்டியதும் மலைச்சரிவைப் படிப்படியாக வயலாக்கியதும் அவர்கள். ஆட்களை விரட்டிவிட்டு வடக்கேயிருந்து குடியேற்றியவர்களுக்கு அந்த வாய்க்கால்கள்தான் சோறு போட்டன. வாய்க்காலுக்கு ஸ்பானிய மொழியில் 'அசேகியா', மழைநீர்த் தொட்டிக்கு 'அல்ஹீபே', ஆலிவ் எண்ணெய்க்கு 'அசெய்தே', சர்க்கரைக்கு 'அசூகர்'. எல்லாம் அரபுச் சொற்கள். தடை செய்த மொழியில்தான் இன்றைக்கும் இந்த ஊரில் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள், சமைக்கிறார்கள்.

'அசூகர்' அரபியின் 'சுக்கர்', அது பாரசீகம் வழியாகச் சமஸ்கிருத 'சர்க்கரா'வுக்குப் போகும், நம் சர்க்கரையும் அதே குடும்பம். கத்தரிக்காய்க்கு 'பெரென்ஹேனா'. அதுவும் அரபு, பாரசீகம் என்று கிழக்கே நடந்து இந்தியாவுக்கு வருகிறது. பழந்தமிழில் கத்தரிக்காய்க்கு வழுதுணங்காய் என்று பெயர் உண்டு அல்லவா, அந்த மாதிரி ஒரு திராவிட வேர்தான் மூலம் என்று மொழியியலாளர் சிலர் கருதுகிறார்கள். இதைப் படித்துவிட்டு உடனே குடும்ப வாட்ஸாப் குழுவில் 'உலகமே தமிழிலிருந்து' என்று போட்டுவிடாதீர்கள். எனக்கு அப்படி ஒரு மாமா இருக்கிறார், அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

ஃப்ரிஹிலியானாவில் கரும்பு பார்க்க முடியவில்லை. வெண்ணெய்ப்பழத் தோப்பும் மாந்தோப்பும்தான் மலைச்சரிவு முழுக்க. ஆம், மாந்தோப்பு. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் குளிரில் சாகிற மரத்தை இந்தக் கரையின் மலைகள் வடக்குக் காற்றிலிருந்து காப்பாற்றுகின்றன. செப்டம்பரில்தான் பறிக்கிறார்கள். ஊதா தோல், உள்ளே ஆரஞ்சுச் சதை, நாரில்லை. சந்தையில் ஒரு பெரியவர் அறுத்துத் தந்தார். "மாங்கோ" என்றார் பொறுமையாக, நமக்குத் தெரியாத பழத்தை அறிமுகப்படுத்துகிற மாதிரி. மாங்காய் என்ற சொல் போர்ச்சுகீசியர் வாயில் புகுந்து ஊர் சுற்றி இவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அம்மா தமிழிலேயே அவரிடம் சொன்னாள்: "மாங்காய்னா பச்சையா இருக்கணும். இது மாம்பழம்." அவர் சிரித்து இன்னொரு துண்டு கொடுத்தார். ருசி? நீலத்துக்குக் கொஞ்சம் கீழே என்பது அம்மாவின் தீர்ப்பு. நான் மறுத்துப் பேசவில்லை.

இந்தத் தோப்புகளுக்கு இன்னொரு முகம் உண்டு. மாவும் வெண்ணெய்ப்பழமும் தண்ணீர் குடிக்கிறவை, இதுவோ மழை குறைந்த பூமி. பக்கத்து வின்யுவேலா அணையில் 2023 கடைசியில் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு பயிரை விட்டு இன்னொரு பயிருக்குத் தாவுவது இந்தக் கரைக்குப் பழக்கம்தான், ஆனால் எல்லாப் பயிரும் கேட்பது அதே வாய்க்கால் தண்ணீரைத்தான்.

கரும்பைத் தேடிக் கிழக்கே போனோம். நெர்ஹா தாண்டியதும் மாலகா மாகாணம் முடிந்து கிரனாதா தொடங்குகிறது. எல்லையில் பலகை தவிர ஒன்றும் இல்லை, ஆனால் மதுக்கடையில் உட்கார்ந்ததும் தெரிந்துவிடும். கிரனாதா மாகாணத்தில் ஒரு கிளாஸ் எது வாங்கினாலும் கூடவே ஒரு சின்னத் தட்டில் சாப்பாடு இலவசமாக வரும். அடுத்த கிளாஸுக்கு வேறொரு தட்டு. அல்முன்யேகரில் நான் பீர் வாங்கினேன், அம்மா ஆரஞ்சு ஜூஸ். முதலில் பொரித்த நெத்திலி, அடுத்து உருளைக்கிழங்கு. மூன்றாவது தட்டு வந்தபோது, "பில்லில் போட்டிருவான், பார்த்துக்க" என்று அம்மா மூன்று முறை எச்சரித்தாள். போடவில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும் நான் சொல்கிறேன்: காய்கறித் தட்டு என்று கேட்டாலும் பன்றித் தொடைக்கறியின் பொடித் துண்டுகள் மேலே தூவி வரலாம். அவர்கள் கணக்கில் அது கறி இல்லை, ஏதோ தாளிப்பு மாதிரி. சைவக்காரர்கள் இரண்டு தடவை கேட்டுக்கொள்வது நல்லது.

அல்முன்யேகருக்கு ஃபினீசியர் காலத்துப் பெயர் 'செக்ஸி'. அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் தங்களை 'செக்ஸிதானோ' என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள், முகத்தில் சிரிப்பே இல்லாமல். கோட்டைக்குக் கீழே ஒரு பூங்காவில் ரோமானியர் மீன் உப்பிட்ட தொட்டிகள் வரிசையாகக் கிடக்கின்றன. மீனையும் குடலையும் உப்போடு வெயிலில் ஊறவைத்து வடித்த நீர் ரோம் வரைக்கும் விலைபோனது. "கருவாட்டுத் தண்ணியவா?" என்றாள் அம்மா. கிட்டத்தட்ட. கடற்கரையில் வாளோடு ஒரு சிலை, முதலாம் அப்துர் ரஹ்மான். டமாஸ்கஸிலிருந்து ஆண்ட அவர் குடும்பமே கொல்லப்பட, தப்பி ஓடி 755இல் இங்கே கரையேறி, கோர்தோபாவில் ஓர் அரசை நிறுவியவர். விரட்டப்பட்டு வந்த ஒருவருக்கு இந்தக் கரையில் சிலை இருக்கிறது. இங்கிருந்து விரட்டப்பட்டவர்களுக்கு ஃப்ரிஹிலியானாச் சுவரில் ஓட்டுப் பலகை.

சலோப்ரேன்யா இன்னும் கொஞ்சம் கிழக்கே. சமவெளி நடுவில் ஒற்றைப் பாறை, பாறை மேல் வெள்ளை ஊர், உச்சியில் கோட்டை. கிரனாதா சுல்தான்கள் சொந்த அண்ணன் தம்பிகளை அடைத்து வைக்கிற சிறை இது. மூன்றாம் யூசுஃப் இங்கே கைதியாக இருந்தபோது கொல்ல ஆள் வந்ததாம். ஆடிக்கொண்டிருந்த சதுரங்கத்தை முடித்துக்கொள்கிறேன் என்று அவர் கேட்டாராம். ஆட்டம் முடிவதற்குள், அவரை அடைத்துவைத்திருந்த தம்பியான சுல்தான் இறந்துவிட்ட செய்தி வந்து கைதியே அரசரானாராம். எல்லாவற்றையும் 'கேட்டாராம்', 'ஆனாராம்' என்றுதான் சொல்ல வேண்டும், ஆனாலும் 1408இல் அவர் பட்டத்துக்கு வந்தது நிஜம்.

கோட்டையிலிருந்து பார்த்தால் கடல் வரை பச்சைச் சமவெளி. ஒரு காலத்தில் அத்தனையும் கரும்பு. வெட்டுவதற்கு முன் தோகையைக் கொளுத்துவார்கள், ஊர் முழுக்கச் சாம்பல் பறந்து துவைத்துக் காயப்போட்ட துணியெல்லாம் கருப்பாகும் என்று கீழே காப்பிக் கடையில் ஒரு அம்மாள் சொன்னார். மத்தியதரைக் கடலோரத்துக் கரும்பு அட்லாண்டிக் தீவுகளுக்குப் போய், அவற்றில் கேனரித் தீவுகளிலிருந்து 1493இல் கொலம்பஸின் இரண்டாம் பயணத்தில் கரீபியனுக்கும் போனது. அங்கே அடிமைகளை வைத்து விளைவித்த மலிவுச் சர்க்கரையோடு இந்தக் கரை போட்டி போட வேண்டியதாயிற்று. ஆனாலும் நூற்றாண்டுகள் தாக்குப்பிடித்தது. இங்கிருந்த கடைசி ஆலை 2006இல்தான் மூடியது. ஆலைக் கட்டடம் கடற்கரை ஓரம் இன்னும் நிற்கிறது, புகைபோக்கியோடு. சுற்றி வந்தோம். வேலி ஓரத்தில் தானாக முளைத்த ஏழெட்டுக் கரும்பு நின்றது. அம்மா கணுவைத் தொட்டுப் பார்த்து, "சும்மா விட்டா நாணலாயிரும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். பத்து நாளில் நாங்கள் பார்த்த கரும்பு அவ்வளவுதான்.

கரும்பு இருந்த நிலத்தில் இப்போது சிரிமோயா. ஆண்டீஸ் மலைப் பழம், நம் சீத்தாப்பழத்துக்குப் பெரியப்பா மகன். முண்டு முண்டாக இல்லாமல் தோல் வழவழவென்று இருக்கும், உள்ளே அதே வெண்ணெய்ச் சதை, அதே கருப்பு விதை. சீசனின் முதல் பழங்கள் வந்திருந்தன. இது மாம்பழத்துக்கு நடந்த மாதிரி இல்லை. "நம்ம பழத்தைவிட நல்லாருக்கு" என்று அம்மாவே ஒப்புக்கொண்டாள்.

மொழி பற்றி ஒன்று. ஆறு மாதம் ஆப்பில் ஸ்பானிஷ் படித்துவிட்டுப் போனேன். ஆந்தலூசியாவில், அதாவது ஸ்பெயினின் இந்தத் தென்பகுதியில், அது பாதிதான் உதவியது. அசைக் கடைசியில் வரும் 'ஸ்' இங்கே காற்றோடு போய்விடும், நடுவில் வரும் 'த' மென்றுவிழுங்கப்படும். 'பெஸ்காதோ' மீன் 'பெஹ்காவ்' ஆகும். தலைநகரத்துக்காரர்கள் இதைக் கேலி செய்வார்களாம். எழுதுவது ஒன்று, பேசுவது வேறொன்று என்ற உலகத்தில் வளர்ந்தவளுக்கு இது புரியாமல் போக நியாயமில்லை. மூன்றாம் நாளிலிருந்து நானும் 'ஸ்'ஸை விழுங்க ஆரம்பித்தேன், கடைக்காரர்கள் மெதுவாகப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

கடைசி இரண்டு நாள் மாலகா. பழைய நகரத்தில் ஓர் அறை, மூன்றாம் மாடி, வயதான வீட்டுக்காரம்மா. அந்தத் தெருவில் நிரந்தரமாகக் குடியிருக்கிறவர்கள் இப்போது நான்கே வீடு என்றார். மற்றதெல்லாம் எங்களைப் போல இரண்டு நாள் வருகிறவர்களுக்கு. 2024 ஜூனில் வாடகை ஏற்றத்துக்கு எதிராக ஆயிரக்கணக்கானோர் இந்த நகரத்தில் ஊர்வலம் போனார்கள். அவர் பேரனும் போனானாம். "அவன் என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறான், ஆனால் பென்ஷன் போதாதே" என்றார். பெட்டிச் சக்கரத்தின் கடகட சத்தம் கேட்காமல் இருக்க மாடிக்கு நாங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டே ஏறினோம். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

மாலகாவில் காப்பி கேட்பது தனிக் கலை. வெறும் காப்பி 'சோலோ', பாதிக்குப் பாதி 'மிதாத்', பால் கூடினால் 'சோம்ப்ரா', அதாவது நிழல். பாலில் காப்பி லேசாகக் காட்டினால் 'நூபே', மேகம். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய தட்டுப்பாட்டுக் காலத்தில், கேட்டதற்கு மேல் ஒரு சொட்டுக் காப்பி வீணாகக் கூடாது என்று ஒரு பழைய கடை அளவுக்கு ஒரு பெயராக வைத்தது. அந்தக் கடை 2022இல் மூடிவிட்டது, பெயர்கள் நகரம் முழுக்க ஓடுகின்றன. அம்மாவுக்கு 'நிழல்' சரியாக இருந்தது.

சாயங்காலம் எல் பாலோ கடற்கரை. பழைய மீனவர் குடியிருப்பு. மணலில் ஒரு பழைய படகு, படகு நிறைய மண், மண்ணில் ஆலிவ் விறகு நெருப்பு. மத்தி மீனை ஐந்தாறாகக் குச்சியில் கோத்து நெருப்போரம் சாய்த்துக் குத்தியிருந்தார்கள். பெயர் 'எஸ்பெத்தோ'. முன்பு நாணல் குச்சி, இப்போது பெரும்பாலும் இரும்பு. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் குத்துகிறார்கள், புகை மீனில் படாது. கல் உப்பு தவிர எதுவும் இல்லை. நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பெயரில் 'ர' இல்லாத மாதங்களில்தான் மத்தி கொழுத்திருக்குமாம். மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட். நாங்கள் ஒரு 'ர' தாமதம். தமிழிலும் அந்தக் கணக்கு சரியாக வருகிறது, எண்ணிப் பாருங்கள்.

நிலநடுக்கம் பார்க்க வந்த அதே மன்னர் இங்கேயும் வந்தாராம். கத்தி முள்கரண்டியை எடுத்திருக்கிறார். மீன் சுட்டவர், "அப்படியில்லை ராஜாவே, கையால்" என்று சொன்னதாக எல் பாலோவில் எல்லாருக்கும் தெரிந்த கதை. இதை மொழிபெயர்த்துச் சொன்னபோது அம்மா ஏற்கெனவே நாலாவது மீனில் இருந்தாள், முள் ஒரு பக்கம் சுத்தமாக அடுக்கி.

திரும்பி வரும்போது மணி ஒன்பதரை. அப்போதுதான் ஊரே வெளியே வருகிறது. தாத்தா, பாட்டி, தள்ளுவண்டியில் குழந்தை, எல்லாரும் எங்கேயும் போகாமல் நடந்துகொண்டிருந்தார்கள். கூட்டத்துக்கு நடுவே வெள்ளைச் சட்டை, இடுப்பில் சிவப்புத் துணி கட்டிய ஒருவர். கையில் சப்பாத்திக் கள்ளி மடல், அதில் குத்திய பத்துப் பன்னிரண்டு வெள்ளைப் பூப்பந்துகள். பார்ப்பதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. அம்மா என் கையை விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அதன் பெயர் 'பிஸ்நாகா'. அது இயற்கையான பூ இல்லை. காட்டுச்செடி ஒன்றின் குடை மாதிரியான காம்பைப் பச்சையாக வெட்டிக் காயவைத்து, அதன் ஒவ்வொரு முள்முனையிலும் ஒரு மொட்டைக் குத்துகிறார்கள். மலர்வதற்கு முன் பறித்த மொட்டு. ராத்திரி எல்லாம் ஒன்றாக விரிந்து பந்தாகும். "ஹஸ்மீன்" என்றார் அவர். அம்மா முகர்ந்து பார்த்து என்னிடம் திரும்பினாள். "மல்லி இல்லடீ. பிச்சி."

விலையைச் சொன்னேன். மனசுக்குள் ரூபாயாக மாற்றி, முழமாக மாற்றி, அதிர்ச்சியடைந்து, ஆனாலும் வாங்கினாள். அறைக்கு வந்ததும் பூவை ஒவ்வொன்றாகக் காம்பிலிருந்து உருவினாள். வீட்டுக்காரம்மாவிடம் நூல் கேட்டு வாங்கினேன். அவர் கதவில் சாய்ந்து நின்று பார்த்தார், ஊசியே இல்லாமல் இரண்டு விரலும் கட்டைவிரலும் கட்டுவதை. நெருக்கிக் கட்டினதில் ஒரு சாண்கூட வரவில்லை. அதிலும் பாதியை வெட்டி அவர் கொண்டையில் செருகிவிட்டாள். அவர் போய்க் கண்ணாடி பார்த்துவிட்டு வந்து என்னமோ வேகமாகச் சொன்னார், ஒரு 'ஸ்'கூட இல்லாமல். எனக்குப் புரியவில்லை, அம்மா தலையாட்டினாள்.

காலையில் பெட்டி இருபத்து மூன்று கிலோவைத் தாண்டியது. பாகு பாட்டில் மூன்றையும் எடுக்க மாட்டேன் என்றாள். என் செருப்பும் இரண்டு புத்தகமும் வெளியே வந்தன. மொட்டையான அந்தக் காம்பு மட்டும், ஒடியாமல் இருக்க, சேலை மடிப்புக்குள்.